பிரேக் பேட் மாற்றப் போகும் கண்ணுக்கு

கண்ணு, இந்த ஞாயிற்றுக்கிழமை உன் வண்டியின் முன் டிஸ்க் பேடை நீயே வீட்டில் மாற்றப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணா, எனக்குப் பயமா இருக்குது" என்றாள். அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக உன் ஆசைக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். தன் வண்டியைத் தன் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைப்பது எனக்குச் சந்தோஷம்தான். எந்த போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று காட்டும் ஊர்ப்பட்ட வீடியோக்கள் கிடக்கின்றன. அதற்கு நான் வேண்டாம். ஆனால் பட்டறையில் நான் கண்ட பெரிய தப்புகளில் ஸ்பானர் பிடிக்கத் தெரியாததால் நடந்தவை குறைவு. அவசரத்தால் நடந்தவையும், கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்ததால் நடந்தவையும்தான் அதிகம். அதனால் அதைப் பற்றியே உனக்கு எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1. முதலில், இது யாருக்காகச் செய்கிற வேலை என்று மனசில் வாங்கிக்கொள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நீ பார்த்து, உனக்குப் புரிந்து, விரல் லீவரைத் தொடுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் பேடின் வேலையே ஆரம்பிக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்குப் பேட் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிக் குறுக்கே கடக்கும் பாட்டிக்கு உன்னைத் தெரியாது. நீ எந்தக் கடையில் பேட் வாங்கினாய், போல்ட்டை எப்படி முறுக்கினாய் என்பதும் தெரியாது. எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறாள். பின் சீட்டில் உட்கார்ந்து கோயிலுக்கு வரும் உன் அம்மாவும் அப்படித்தான். ஸ்பானரைக் கையில் எடுக்கும்போது அவர்களை நினைத்துக்கொள். கை தானாக நிதானப்படும்.

2. சனிக்கிழமையே சாமான் எல்லாம் வாங்கி வைத்துவிடு. ஞாயிறு காலையில், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஆரம்பி. அன்று மத்தியானம் கல்யாணம், சாயங்காலம் சினிமா என்று எதுவும் வைத்துக்கொள்ளாதே. பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. முதல் முறை செய்பவருக்கு அரை நாள் ஆகலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது பிரேக் வேலைக்கு முழுக்கப் பொருந்தும். வண்டியை ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு கையை வைக்காதே. டிஸ்க் பார்ப்பதற்குச் சும்மா இருப்பதாகத்தான் தெரியும். தொட்டால் விரல் கொப்பளித்துவிடும். நன்றாக ஆறட்டும். சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்து. செல்போனை வீட்டுக்குள் வைத்துவிடு. நடுவில் போன் பேசிவிட்டு வந்தவன் எந்த போல்ட் வரை முறுக்கினோம் என்று யோசித்து நிற்பதைப் பட்டறையில் தினமும் பார்க்கலாம்.

3. மாற்ற வேண்டுமா என்று பார்த்துவிட்டு மாற்று. டார்ச் அடித்து, டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் காலிப்பரின் இடுக்கு வழியாகப் பார். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பகுதிதான் பேடின் உயிர். பெரும்பாலான பேடுகளில் நடுவே ஒரு பள்ளக் கோடு இருக்கும்; அது மறையும் அளவு தேய்ந்தால் காலம் முடிந்தது. பல கம்பெனிகள் 1 மில்லிமீட்டர் வரை விடுகின்றன. நான் 2 வந்ததும் மாற்றச் சொல்வேன். கடைசி மில்லிமீட்டரை மிச்சம் பிடிக்கப் பார்த்து, இரும்பு இரும்போடு உரச ஆரம்பித்து, டிஸ்க்கையும் சேர்த்து மாற்றியவர்கள் எத்தனையோ பேர். பேட் சில நூறு ரூபாயோடு போகும். டிஸ்க் அதைப் போலப் பல மடங்கு.

இன்னொன்று. பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் காலிப்பரிலிருந்து வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்குவதால், ஹேண்டில்பாரில் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் குறையும். மட்டம் குறைந்தது என்று உடனே ஊற்றி நிரப்பாதே. முதலில் பேடைப் பார்.

4. பேட் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். வண்டியின் மாடலும் வருடமும் கடைக்காரரிடம் சரியாகச் சொல். ஒரே பெயரில் வரும் வண்டிக்கே வருடத்துக்கு வருடம் காலிப்பர் மாறியிருக்கும். அட்டையில் அச்சு மங்கலாக இருந்தாலோ, எழுத்துப் பிழை இருந்தாலோ, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தாலோ அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடு. போலிப் பேட் முதல் நாள் நன்றாகவே பிடிக்கும். சூடேறும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். மேலே ஒட்டிய பகுதி தகட்டை விட்டு உரிந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். நல்ல பிரேக் சாமானுக்கு நாம் எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லேயே வந்துவிட்டது. பிரேக் செய்வது நம் மண்ணில் வேர் விட்ட தொழில். அப்படி இருக்க, எங்கே செய்தது என்றே தெரியாத ஒன்றை ஐம்பது ரூபாய் மிச்சத்துக்காக ஏன் மாட்ட வேண்டும்?

பேடை எப்போதும் ஜோடியாக மாற்று. ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றினாலும் சரி.

5. கை சுத்தம். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு புதுப் பேடின் முகத்தைத் தொடாதே. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார். பேடை ஓரத்தில் பிடித்து எடு. டிஸ்க்கைப் பிரேக் கிளீனர் அடித்து, புதுப் பனியன் வேஸ்ட்டால் துடை. செயின் துடைத்த அதே துணியை எடுத்துவிடாதே. வீட்டில் வேலை செய்பவர்கள் அதிகம் செய்கிற தப்பு அது. வாட்டர் சர்வீஸில் விட்டால் பளபளப்புக்காக மேலே எண்ணெய் அடித்துக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. டிஸ்க் பக்கம் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

எண்ணெய் குடித்த பேடை உப்புத்தாளில் தேய்ப்பார்கள். சிலர் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திக்கூடப் பார்ப்பார்கள். நீ அதைச் செய்யாதே. எண்ணெய் உள்ளே இறங்கிய பேட் இறங்கியதுதான். தூக்கிப் போடு.

6. தூளை வாயால் ஊதாதே. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டுக்கொள், கிளீனர் அடித்து ஈரத்தோடு துடைத்து எடு. அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கம். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி டிரம்மைக் கழற்றியதும் ஒரு ஊது ஊதுவார். கடை முழுக்கப் புகை மாதிரி எழும். கடைசிக் காலத்தில் இருமலோடு ரொம்பக் கஷ்டப்பட்டார். அதற்கு இதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இருந்தாலும், அவர் குனிந்து ஊதுவது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உனக்கு அது வேண்டாம்.

7. கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வை. அதற்கு மட்டும் போனை வெளியே கொண்டு வரலாம். ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வை. போல்ட், பின், பின்னைப் பூட்டும் கிளிப், பேடை அழுத்திப் பிடிக்கும் தகட்டு ஸ்பிரிங், எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது உட்பட. எங்கள் முதலாளி இதற்குத் தினத்தாளைத் தரையில் விரிப்பார். எத்தனை வருடம் தொழில் செய்தும் அந்த வரிசையை அவர் விட்டதில்லை. மாட்டி முடித்த பின் தட்டு காலியாக இருக்க வேண்டும். ஒரு சின்னக் கிளிப் மிஞ்சினாலும், அது தேவையில்லாததுதான் என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்கொள்ளாதே.

8. பேட் பின்னைக் காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே முதலில் கொஞ்சம் தளர்த்திவிடு. காலிப்பரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னோடு மல்லுக்கட்டினால் வராது. பின்னின் தலையில் ஆலன் கீ முழுசாக இறங்கியிருக்கிறதா, அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பு. வரவில்லை என்றால் கோபப்படாதே. ஓங்கி அடித்தாலும், அரை குறையாக மாட்டிய கீயை வெறியோடு முறுக்கினாலும் தலை மழுங்கிவிடும். அதற்கப்புறம் அது லேத் பட்டறை வேலை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. உள்ளூர் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் "இந்த பின்னை மட்டும் லூஸ் பண்ணிக் குடுங்கண்ணா" என்று கேட்பது உன்னைச் சின்னவனாகவோ சின்னவளாகவோ ஆக்கிவிடாது.

9. காலிப்பரைக் கழற்றியதும் அதை ஹோஸில் தொங்க விடாதே. ஒரு கயிற்றால் ஃபோர்க்கோடு சேர்த்துக் கட்டு. அந்த ரப்பர் குழாய் அழுத்தத்தைத் தாங்கத்தான் செய்யப்பட்டது, எடையைத் தாங்க இல்லை. ஏபிஎஸ் வண்டி என்றால் சக்கரத்தின் பக்கத்தில் சென்சாரும் அதன் மெல்லிய வயரும் இருக்கும். அதை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்.

காலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் லீவரைத் தொடக் கூடாது. தடுக்க டிஸ்க் இல்லாததால், பிஸ்டன் நகர்ந்து நகர்ந்து கடைசியில் வெளியே வந்து விழுந்துவிடும். வீட்டில் வேலை செய்வதில் இருக்கும் தனி ஆபத்து இது. பட்டறையில் சின்னப் பிள்ளைகள் கிடையாது. வீட்டு வாசலில் உண்டு. நிறுத்தியிருக்கும் வண்டியில் ஏறி 'புர்ர்' என்று ஓட்டுவது எல்லாக் குழந்தைக்கும் பிடித்த விளையாட்டு. எங்கள் தெருவில் ஒருவர் டீ குடிக்க உள்ளே போன நேரத்தில் அவர் பேரன் ஏறி லீவரை அமுக்கு அமுக்கு என்று அமுக்கிவிட்டான். திரும்பி வந்தபோது வாசல் முழுக்கப் பிரேக் ஆயில். பெட்ரோல் டேங்கில் தெறித்த இடத்தில் பெயின்ட் உரிந்துவிட்டது. குழந்தையைத் திட்டி என்ன பயன்? நீ எழுந்து போவதானால் பேட் இருக்கும் இடத்தில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டுப் போ. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டும் போ.

10. பழைய பேடை எடுத்ததும் ஓரமாகப் போட்டுவிடாதே. வெளிச்சத்தில் வைத்துப் பார். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தேய்ந்து மற்றது அப்படியே இருந்தாலோ, ஒரு முனை சரிந்து தேய்ந்திருந்தாலோ, காலிப்பர் சறுக்கி நகர வேண்டிய பின்கள் வறண்டு சிக்கியிருக்கலாம். அல்லது பிஸ்டன் இறுகியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும். சறுக்கு பின்னைத் துடைத்து, அதற்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவு. வீல் பேரிங்குக்கு வைத்திருக்கும் சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். டிஸ்க்கையும் நகத்தால் வருடிப் பார். ஆழமான கீறல், ஓரத்தில் வரப்பு, நீல நிறம் இருந்தால் யாரையாவது கேள். எந்தத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது என்று டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைத் தேடிப் படி.

11. பிஸ்டனைத் துடைக்காமல் உள்ளே தள்ளாதே. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியில் மாதக்கணக்கான அழுக்கு இருக்கும். அப்படியே தள்ளினால் அந்த அழுக்கு ரப்பர் சீலைக் கிழிக்கும். அந்தச் சீலைச் சாதாரணமாக நினைக்காதே. நீ லீவரை விடும்போது பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுத்துப் பேடை டிஸ்க்கிலிருந்து விலக்குவது அந்த ரப்பரின் முறுக்குத்தான். துடைத்துவிட்டு, மெல்ல, நேராக, கட்டை விரல்களாலேயே தள்ளு. வரவில்லை என்றால் பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து அழுத்து. பிஸ்டன் உள்ளே போகும்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறும். அதனால் டப்பாவின் மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி கட்டி, மட்டம் ஏறினால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடு. பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

12. அந்த ஆயிலின் வயசு என்ன? உனக்குத் தெரியாவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் என்று வைத்துக்கொள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைச் சும்மா இருக்கும்போதே உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலோ இறங்கும்போதுதான் தெரியும். கீழ் கியரில் போட்டு இன்ஜினால் வேகத்தை அடக்காமல் பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் டிஸ்க் கொதிக்கும். சூடு காலிப்பருக்குள் ஏறும். உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகும். ஆயிலுக்கு அழுத்தத்தைக் கடத்தத் தெரியும், ஆவி அமுங்கிவிடும். லீவர் ஹேண்டில் வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது அப்படி ஆகி, மலை ஓரமாக வண்டியைச் சாய்த்து உயிர் தப்பிய ஒரு பையன் என் பட்டறைக்கு வந்தான். பேட் புதிது. காலிப்பர் சுத்தம். டப்பாவைத் திறந்தால் கறுத்துப்போன பழைய ஆயில். பேடை மாற்றியவர் ஆயிலைப் பார்க்கவில்லை. வண்டி வாங்கியதிலிருந்து யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்றிவிடு. டப்பா மூடியில் என்ன டாட் என்று எழுதியிருக்கும். அதையே, சீல் உடைக்காத புது பாட்டிலிலிருந்து ஊற்று. சிலிகானில் செய்த டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது. ஆயில் மாற்றி ஏர் எடுக்கும் வேலையை முதல் முறை தனியாகச் செய்யாதே. தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்.

13. மாட்டும்போது பேடின் கறுப்பு முகம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதே. தகட்டுப் பக்கம் டிஸ்க்கைப் பார்த்து மாட்டிய வண்டிகள் என் கைக்கு வந்திருக்கின்றன; மாட்டியவர்கள் முட்டாள்கள் இல்லை, களைத்திருந்தார்கள், அவ்வளவுதான். போல்ட்டை முதலில் கையால் ஏற்று. நாலைந்து சுற்று தடையில்லாமல் போன பிறகே ஸ்பானர். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்திலோ கம்பெனியின் சர்வீஸ் மேனுவலிலோ இருக்கும். டார்க் ரென்ச் கடன் வாங்கியாவது அந்த அளவுக்கு இறுக்கு. அலுமினியத் துளையில் இரும்பு போல்ட்டைப் பலம் காட்டி முறுக்கினால் மரை கழன்றுவிடும். பலசாலி கை கெடுத்த மரைகளைச் சரிசெய்தே எங்கள் ஊர் லேத் பட்டறைகள் பாதி நாள் பிழைத்தன.

14. கண்ணு, இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றுதான் உனக்கு நினைவிருக்கும் என்றால் இது நினைவிருக்கட்டும். எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை ஓர் அடி நகர்த்துவதற்கு முன், லீவரை அமுக்கு. முதல் அமுக்கில் அது ஒன்றுமில்லாமல் ஹேண்டில் வரை வந்துவிடும். நீ உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை என்று அர்த்தம். மறுபடி அமுக்கு. மெல்ல மெல்ல, அமுக்கி விட்டு அமுக்கி விட்டு, விரலுக்கு எதிர்ப்பு வரும் வரை, லீவர் கெட்டியாக நிற்கும் வரை. பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொண்டே நிதானமாக முப்பது எண்ணு. அழுத்தத்தில் அது மெல்ல இறங்குகிறதா என்று பார்.

எங்கள் பட்டறையில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். கை சுத்தம், வேலை சுறுசுறுப்பு. தீபாவளிக்கு முந்தின நாள், கடை முழுக்க வண்டிகள். ஒன்றுக்குப் பேட் மாட்டி முடித்து, சாவியைப் போட்டு, வெளியே நிறுத்திவிட்டு வரலாம் என்று எடுத்தான். வாசலில் சரிவு. லீவரைப் பிடித்தான், அது ஹேண்டிலோடு போய் ஒட்டிக்கொண்டது. பயத்தில் பின் பிரேக் அவன் காலுக்கு ஞாபகம் வரவில்லை. எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் போய் மோதியது. ஒரு நிமிடம் முன்னால் வரை அந்த பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சில்லறை கொடுக்க எழுந்திருந்தார். கண்ணாடி டம்ளர்கள் உடைந்ததோடு போயிற்று. முதலாளி அவனை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. டீக்கடைக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த லீவரை அவன் கையாலேயே அமுக்க வைத்தார். அன்று முதல் எங்கள் கடையில் ஒரு சட்டம். பேட் மாட்டியவர் லீவரை அமுக்கிப் பார்த்து "கெட்டி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் ஒரு முறை அமுக்கிப் பார்க்க வேண்டும். கடையை மூடும் நாள் வரை அந்தச் சட்டம் இருந்தது. உன் வீட்டில் அம்மாவைக் கூப்பிட்டு அமுக்கிப் பார்க்கச் சொல்.

15. பிறகு ஆயில் மட்டத்தைப் பார். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். மூடியைப் பூட்டு. சக்கரத்தைக் கையால் சுற்று. பேட் லேசாக உரசும் சத்தம் இருக்கலாம், இறுகி நிற்கக் கூடாது. இன்ஜினைப் போடாமல் வாசலில் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்துப் பார். அதன் பின் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் நடை வேகத்தில்.

16. புதுப் பேட் முதல் நாளே முழுப் பலத்தோடு பிடிக்காது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிறோமே, அப்படிப் பழக்கத்தான் வேண்டும். காலியான சாலையில் 40, 50 வேகத்துக்குப் போய், பாதி வேகம் குறையும் வரை மிதமாகப் பிடித்து விடு. முழுக்க நிறுத்தாதே. கொஞ்ச தூரம் காற்று வாங்கவிட்டு மறுபடி. இப்படிப் பல முறை செய்யும்போது பேடின் முகம் டிஸ்க்கின் முகத்தோடு பொருந்தி வரும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வரை முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தை விட அதிக இடைவெளி விடு. அந்த நாட்களில் பின்னால் யாரையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகாதே. நண்பர்கள் கூப்பிட்டால் அடுத்த மாதம் என்று சொல்.

17. "முன் பிரேக் பிடிக்காதே, தூக்கி அடிச்சிரும்" என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் தலைமுறை இதைக் கேட்டே வளர்ந்தது. ஆர்எக்ஸ் 100 ஓடிய காலத்தில் முன்னாலும் பின்னாலும் டிரம்தான். காலால் மிதித்தே எல்லோரும் வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்றா சொன்னேன், பின் சக்கரம் சறுக்கிச் சறுக்கிக் கடைசியில் நின்றது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. தரையை அழுத்திப் பிடிப்பது முன் சக்கரம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. பயந்து அதைத் தொடாமலே ஓட்டுபவருக்கு அவசரத்தில் அது கைகொடுக்காது. திடீரென்று இறுக்கினால் மணலிலும் ஈரத்திலும் அது வாரிவிடும் என்பதும் உண்மைதான். அதனால் இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பழகு. 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம், அதற்குள் அடங்கிய வண்டிகளில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது கட்டாயம் என்று ஆகிவிட்டது. அது எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று மனசார நம்புகிறேன். ஆனால் தேய்ந்த பேடை ஏபிஎஸ் ஈடுகட்டாது.

18. உன் வண்டிக்கு மாற்றிவிட்டாய் என்று தெரிந்ததும் நண்பர்கள் வருவார்கள். "எனக்கும் மாத்திக் குடு, லேபர் மிச்சம்." அப்போது மனசு கொஞ்சம் பூரிக்கும். அந்தப் பூரிப்பில் தலையாட்டிவிடாதே. உன் வண்டியின் லீவர் உன் விரலுக்குத் தெரியும். ஏதாவது மாறினால் முதல் நாளே உணர்வாய். அவன் உணர மாட்டான், உன்னை நம்பி ஓட்டுவான். அவனையே உட்கார்ந்து செய்யச் சொல்லி, நீ பக்கத்தில் இருந்து பார்.

19. எந்த இடத்திலாவது சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. காலிப்பர் ஓரத்தில் ஈரம் கசிந்தாலும், பிஸ்டன் உள்ளே போக மறுத்தாலும், எவ்வளவு அமுக்கியும் லீவர் மெத்தென்றே இருந்தாலும், திங்கட்கிழமை வேலைக்கு எப்படிப் போவது என்று யோசிக்காதே. பஸ்ஸில் போ. எனக்குப் போன் பண்ணு, ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன். வண்டியை ஒரு குட்டியானை வைத்து ஏற்றி நம்ம வீட்டுக்கு அனுப்பிவிடு, வாடகை நான் கொடுத்துக்கொள்கிறேன். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதே.